ஹாமில்டனின் நூற்றித்தொண்ணூற்றெட்டு

லண்டன் மோர்டனில் வசிக்கும் கலாவதிக்கு பேஸ்போல் பிடிக்காது. ஆனாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில், அமெரிக்கத் தொழில்முறை ஆட்டங்களில் எந்த வருடம் யார் அதிக ஓட்டங்கள் எடுத்தார் என்பது அவருக்கு மனப்பாடம். கணவர் பத்மநாதன் லண்டனுக்கு வருமுன் ஒல்லாந்தின் ஹார்லெம் நகரில் பேக்கரி வேலை பார்த்தவர். அங்கே ஒரு பேஸ்போல் கழகத்தில் ஸ்கோர் எழுதப் பழகினார்; அந்தப் பழைய கணக்குகளையும் பாடமாக்கினார். இருபது வருடமாக, சவரம் செய்யும்போது அந்தப் பட்டியலைச் சத்தமாகச் சொல்வார்.

"செத்துப்போன ஆக்களின்ர கணக்கு உங்களுக்கு என்னத்துக்கு?" என்று கலாவதி சலித்துக்கொள்வார். கேட்டுக் கேட்டு அவருக்கும் பாடமாகிவிட்டது.

போன மே மாதம் ஞாயிற்றுக்கிழமை ஆட்டமொன்றில், ஓரமாக இருந்து ஸ்கோர் எழுதிய பத்மநாதனின் நெற்றிப்பொட்டில் பந்து பட்டது. சிரித்தபடி கடைசிவரை எழுதினார். இரண்டு நாளில் வீக்கம் வற்றியது. கலாவதியும் அதை மறந்துவிட்டார்.

மூன்று வாரம் கழித்து, குளியலறையிலிருந்து குரல் கேட்டது.

"தொண்ணூற்றிநாலு, ஹாமில்டன், நூற்றியெழுபத்தேழு."

கோப்பையில் சூடாகத் தேத்தண்ணி ஊற்றிய கலாவதியின் கை நின்றது. "என்னப்பா, நூற்றித்தொண்ணூற்றெட்டல்லோ? நூற்றியெழுபத்தேழு பிரவுண் எடுத்தது."

"ஓம், அதைத்தானே சொன்னனான்." திரும்பவும் சொன்னார். திரும்பவும் நூற்றியெழுபத்தேழு. பிறகு, குளியலறை வாசலுக்கு வந்துவிட்ட கலாவதியைக் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் வாயின் ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் பிந்தியது.

கலாவதி உடனே டாக்சி பிடித்து அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். வழியெல்லாம் அவருடைய கையை இறுக்கிப் பிடித்திருந்தார். "எனக்கு ஒண்டுமில்லையப்பா" என்று பத்மநாதன் சொல்லச் சொல்ல கலாவதிக்குப் பயம் கூடியது.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் மாதங்கி திருச்சிக்காரர். "பேரு, தேதி எல்லாம் கரெக்டா சொல்றாரேம்மா. வாய் கோணலும் இப்ப தெரியல. வலியும் இல்லைங்கிறார்."

"டொக்டர், இவர் ஹாமில்டனைப் பிழையாச் சொல்லுறார்."

"யாரும்மா ஹாமில்டன்?"

எப்படி விளக்குவது? வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பதற்றத்தில் கலாவதி பட்டியலை ஒப்பிக்கத் தொடங்கினார். எண்பத்தேழு, ஓ'நீல், நூற்றியறுபத்தேழு. தொண்ணூற்றொன்று, பிரவுண். பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார். "இருபது வருசத்தில ஒருநாளும் இவர் பிழைவிட்டதில்லை, பிள்ளை. மூண்டு கிழமைக்கு முன்னம் தலையில பந்து பட்டது."

கடைசி வசனத்தைக் கேட்டதும் மாதங்கியின் முகம் மாறியது. உடனே தலையை ஸ்கேன் எடுக்கச் சொன்னார். மூளைக்கு மேலே இரத்தம் கசிந்து தேங்கியிருந்தது. அன்று பின்னேரமே மண்டையோட்டில் துளையிட்டு வெளியேற்றினார்கள். அந்த மூன்று மணிநேரமும் கலாவதி நாற்காலியில் சாயவேயில்லை. கதவு திறந்த ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்றார்.

ஒன்பதாம் நாள் பத்மநாதன் வீட்டுக்கு வந்தார். ஆகஸ்டில் மறுபடியும் ஸ்கோர் எழுதப் போனார், இம்முறை வலைக்குப் பின்னால். கலாவதியும் கூடப் போகிறார். கணவருக்குப் பயமில்லை; இவருக்குத்தான் இன்னும் விடவில்லை. கதைத்துக்கொண்டிருப்பவர் நடுவில் நின்றால் போதும், கலாவதியின் கை தானாக அவருடைய மணிக்கட்டைப் பிடித்துவிடும்.

"என்னப்பா, சொல் வரேல்லையோ?"

"இல்லையப்பா, தேத்தண்ணி வாயைச் சுட்டுப்போட்டுது."