வலை பிடித்த ஞாயிறு

என் மனைவி போய் இரண்டு மாதம் ஆகிறது. ஆபீசில் பக்கத்து நாற்காலிக்காரர் தேவசகாயம் இன்று என்னைச் செங்கல்பட்டில் பஸ் ஏற்றி மாமல்லபுரம் அழைத்துப் போனார்.

"பொண்டாட்டிய பறிகுடுத்தவங்க நாலு பேரு ஞாயித்துக்கெழமல ஒண்ணா ஒக்காருவோம். வந்து பேசு, பாரம் கொறையும்."

வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன்.

கடற்கரையில் மூன்று மீனவர்கள் கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருந்தார்கள். "இத்த இஸ்து புட்சிகினு குந்து அண்ணாத்த" என்று மாரி என்பவர் ஒரு பக்கத்தை என் கையில் கொடுத்தார்.

இரண்டு மணி நேரம் பிடித்தேன். பருத்தி வலை நல்லதா, நைலான் வலை நல்லதா என்று தேவசகாயத்தோடு சேர்த்து நால்வரும் சண்டை போட்டார்கள். மனைவி என்ற பேச்சே இல்லை. இதற்கா பஸ் ஏறினேன் என்று எரிச்சல் வந்தது.

பிறகு, ஏனோ, கண்ணீரும் வந்தது. இரண்டு கையிலும் வலை. துடைக்க முடியவில்லை. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. சண்டை மட்டும் இன்னும் சத்தமானது.

கிளம்பும்போது மாரி சொன்னார்: "இன்னிக்கி நல்லா பேசின அண்ணாத்த. அட்த்த வாரமும் வா."

நான் வாயே திறக்கவில்லை. என்ன பேசினேன் என்று உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள்.