வெயிலில் நின்ற மாப்பிள்ளை

போன ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணி. பிச்சாட்டூரில் என் அண்ணன் வீட்டு கேட்டுக்கு வெளியே, மண்டையைப் பிளக்கும் வெயிலில் என் கணவர் நின்றுகொண்டிருந்தார்.

உள்ளேயிருந்து அண்ணன் கூப்பிடுகிறார். "வாங்க மாப்ள!" இவர் அசையவில்லை. "ராண்டி, ராண்டி!" என்று தெலுங்கிலும் கூப்பிட்டுப் பார்த்தார். ம்ஹூம்... இவர் புன்னகையோடு நிற்கிறார், நின்றுகொண்டே இருக்கிறார்.

மாப்பிள்ளை முறுக்கு என்றுதானே நினைக்கிறீர்கள்? எதிர்வீட்டுக்காரர்களும் அப்படித்தான் நினைத்து வாசலுக்கு வந்து நின்றார்கள். பாவம், அவருக்குக் கோபம் என்பதே வராது. அவரை அங்கே நிறுத்தி வைத்தது, நானூறு வருடம் முன்னால் செத்துப்போன ஓர் ஆங்கில நாடகாசிரியர்!

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் நாடகப் பைத்தியம் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு மட்டும் சொல்கிறேன். நான் திருப்பதியில் ஒரு கல்லூரியில் நூலகர். யாரும் கேட்காத பழைய நாடகப் புத்தகங்களைத் தூசி தட்டித் தட்டியே அவர் மேல் பிரியம் வந்துவிட்டது. பெயரைச் சொன்னால் உங்களுக்குப் பரீட்சை ஞாபகம் வந்து பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். அதனால் நாடகக்காரர் என்றே வைத்துக்கொள்வோம்.

அவர் வாழ்க்கையே எனக்குப் பிடிக்கும். சின்ன ஊரில் பிறந்தார். பிழைப்புக்குத் தலைநகரம் போனார். நடித்தார், எழுதினார், நாலு காசு சேர்ந்ததும் சொந்த ஊரில் ஒரு வீட்டை வாங்கிப் போட்டார். சத்தியவேட்டிலிருந்தும் நாகலாபுரத்திலிருந்தும் ஸ்ரீசிட்டிக்குக் கம்பெனி பஸ் ஏறுகிற நம் பிள்ளைகளின் கதைதானே இது?

அதைவிடப் பிடித்தது அவருடைய நாடகங்களில் ஆட்கள் திட்டுகிற அழகு! அந்தப் பாணியில் நானே நாலு வார்த்தையைக் கோத்து வைத்துக்கொள்வேன். விசில் அடிக்காத குக்கர், அலிபிரி ரோட்டில் குறுக்கே பாயும் ஆட்டோ... எல்லாவற்றுக்கும் பழங்கால ஆங்கிலத்தில் ஒரு அர்ச்சனை. யாருக்கும் புரியாது. எனக்கு வயிற்றெரிச்சல் தணிந்துவிடும். இதைவிட உடம்புக்கு நல்ல பழக்கம் உண்டா?

இப்படித்தான் நானும் நினைத்திருந்தேன் — இரண்டு வருடம் முன்பு வரை.

அண்ணன் பிச்சாட்டூரில் புது வீடு கட்டினார். கிரகப்பிரவேசப் பத்திரிகை வந்தது. உறவினர் பட்டியலில் சித்தப்பா பெயர் இருக்கிறது, சின்ன மாமா பெயர் இருக்கிறது, ஊரைவிட்டே போய்விட்ட ஒன்றுவிட்ட தம்பி பெயர்கூட இருக்கிறது. என் கணவர் பெயரைக் காணோம்! ஒரே தங்கை. அவள் புருஷன் பெயர் இல்லை. நம் குடும்பங்களில் பத்திரிகையில் பெயர் விட்டுப்போவது சின்ன விஷயமா சொல்லுங்கள்?

கணவர் சொன்னார்: "விடும்மா, பிரஸ்ல விட்டிருப்பாங்க." நான் விடவில்லை. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அண்ணனுக்கு நாடகக்காரர் பாணியில் ஒரே ஒரு வரி போட்டேன். யாருக்குப் புரியப்போகிறது என்ற தைரியம்தான். கையோடு அவர் நம்பரையும் பிளாக் செய்தேன். கிரகப்பிரவேசத்துக்கும் போகவில்லை.

அண்ணன் லேசுப்பட்டவரா? அந்த வரியை எடுத்துக்கொண்டு புத்தூரில் தெரிந்த இங்கிலீஷ் சாரிடம் போயிருக்கிறார். அவரும் அகராதியைப் புரட்டிப் பொறுப்பாக அர்த்தம் சொல்லியிருக்கிறார் — 'புளித்த மாவில் ஊறிய மூளைக்காரனே!'

அதோடு பேச்சு நின்றது. இரண்டு வருடம். அண்ணி மட்டும் அண்ணனுக்குத் தெரியாமல் எனக்கு போன் செய்வார். பத்திரிகைப் பேச்சை எடுத்தால் மட்டும் நான் போனை வைத்துவிடுவேன். மாங்காய் ஊறுகாய் யார் கையிலாவது கொடுத்தனுப்புவார்.

இப்போது என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. மாப்பிள்ளை வீடு காளஹஸ்தி. தெலுங்குக்காரர்கள், தங்கமானவர்கள். பூ வைக்க வந்த அன்று சம்பந்தியம்மா ஆசையாகக் கேட்டார்: "மேனமாமா எவரு?" தாய்மாமன் யார் என்று கேட்கிறார். அவர்கள் வழக்கப்படி மணப்பெண்ணை மூங்கில் கூடையில் உட்கார வைத்து, தாய்மாமன்தான் மண்டபத்துக்குள் தூக்கி வர வேண்டும். எனக்கு இருப்பது ஒரே அண்ணன். அவர் வராவிட்டால் கூடையை யார் தூக்குவது?

"பிச்சாட்டூர்ல இருக்காரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் அழுதேன். மகள் வந்து பக்கத்தில் நின்றாள். "மாமா வரலன்னா எனக்குக் கூடையே வேணாம்மா. நடந்தே வரேன்." அவள் சமாதானமாகச் சொன்னாள். எனக்கு அது இன்னும் வலித்தது.

நேரில் போய் அழைப்பதென்று முடிவாயிற்று. ஆனால் இரண்டு வருடப் பேச்சை எங்கிருந்து ஆரம்பிப்பது? ஒரு வார்த்தை தப்பினால் மறுபடி முதலிலிருந்து... இங்கேதான் நாடகக்காரர் கைகொடுத்தார்.

அவர் காலத்தில் நடிகர்களுக்கு முழு நாடகத்தையும் கொடுக்க மாட்டார்களாம். காகிதம் அவ்வளவு விலை, கையால் எழுதி மாளாது. அவரவர் பேச வேண்டியதை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுப்பார்கள். அதற்கு முன்னால் எதிராளி பேசி முடிக்கும் கடைசி ஓரிரு வார்த்தை மட்டும் இருக்கும். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் பேச வேண்டும். மற்றபடி எதிராளி என்ன பேசப்போகிறார் என்று மேடையில்தான் தெரியும். எப்பேர்ப்பட்ட ஏற்பாடு! நானும் அப்படியே எழுதினேன். கணவருக்கு ஒரு தாள். அண்ணனுக்கு ஒன்று.

அண்ணனுக்குரியதைப் போட்டோ எடுத்து அண்ணிக்கு அனுப்பினேன். அண்ணி உஷார். "இரு, ராத்திரி சோறு துன்னும்போது மெல்ல சொல்றேன்" என்றார். மறுநாள் போன் வந்தது. "ஒத்துக்கினாரும்மா! ஒரு பேச்சு பேசல. நான் சொல்லச் சொல்ல எழுதி எடுத்துக்கினாரு."

இந்தப் பக்கம் என் கணவருக்கு ஒத்திகை. அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காஞ்சிபுரத்துக்காரர், ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் வேலை. எழுதி வைத்த முறையைத் தாண்டி ஓர் அடி எடுத்து வைக்காதவர். வீட்டில் ரசப்பொடி டப்பாவுக்கும் தேதி ஒட்டுகிறவர். இரண்டே நாளில் தாளை மனப்பாடம் செய்துவிட்டார்.

காரில் புறப்பட்டோம். புத்தூர் தாண்டும்போது எலும்புக்கட்டுக்குக் கூட்டம் வழக்கம்போல் நின்றது. உறவுக்கும் இங்கே ஒரு கட்டுப் போட்டால் எவ்வளவு வசதி என்று நினைத்துக்கொண்டேன். அவரோ உதட்டை அசைத்து வசனம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டினார்.

சரி, கேட்டுக்கு வருவோம்.

அண்ணனுக்கு நான் எழுதிய முதல் வரி: 'வாங்க மாப்ள, இன்னா வெயிலு!' அந்த 'வெயிலு' வந்ததும் என் கணவர் உள்ளே நுழைந்து நலம் விசாரிக்க வேண்டும். ஆனால் இரண்டு வருடம் கழித்துத் தங்கையைப் பார்த்த அண்ணனுக்கு வெயிலாவது மழையாவது? எல்லாம் மறந்துவிட்டது. "வாங்க" என்கிறார், "உக்காருங்க" என்கிறார், "காபி ஆறிப் போது" என்கிறார். வெயிலை மட்டும் சொல்லவில்லை! என் கணவரோ அந்த ஒரு வார்த்தைக்காக, வெயிலில், வேர்த்து ஒழுகிக்கொண்டு காத்திருக்கிறார். நான் முதுகில் குத்தினேன். அசைந்தால்தானே?

சமையலறை ஜன்னலிலிருந்து அண்ணியின் ரகசியக் குரல் தெருவுக்கே கேட்டது. "வெயிலு... யோவ், வெயிலு!"

அண்ணன் திரும்பினார். "இன்னா வெயிலு?"

அவ்வளவுதான். என் கணவர் கேட்டைத் திறந்துகொண்டு விறுவிறு என்று உள்ளே நடந்தார். "சௌக்கியமா மச்சான்? உங்களைப் பாத்து ரொம்ப நாளாச்சு!"

அண்ணன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா மாப்ள, இதுக்குதான் இம்மா நேரம் நின்னுகினு இருந்தீங்களா?"

இவர் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்துக் காட்டினார். "இதுல அப்படித்தானே மச்சான் இருக்கு?"

அண்ணன் தாளை எட்டிப் பார்த்தார். பிறகு தன் பையிலிருந்தும் ஒரு தாளை எடுத்தார். இருவரும் சிரிக்க ஆரம்பித்தார்கள் பாருங்கள்... அண்ணன் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எதிர்வீட்டுக்காரர்கள் ஏமாற்றத்தோடு உள்ளே போனார்கள்.

இருவரும் தாளை மாற்றிக்கொண்டார்கள். அங்கே இன்னொரு சிக்கல். அண்ணன் படித்தது தெலுங்கு மீடியம். பேசுவது தமிழ், எழுதுவது தெலுங்கு எழுத்தில். என் கணவருக்குத் தெலுங்கு எழுத்து தெரியாது, அண்ணனுக்குத் தமிழ் எழுத்து வராது. எங்கள் பக்கத்தில் இது சகஜம். அடுத்தவர் தாளை யாராலும் படிக்க முடியவில்லை. வேறு வழியில்லாமல் அவரவர் தாளை அவரவர் வாங்கி, சத்தமாகப் படித்தார்கள். ஒருவர் படிக்க மற்றவர் கேட்க வேண்டியதாயிற்று.

என் கணவர் படித்தார்: "பத்திரிகையில பேர் விட்டுப் போனதை நான் மனசுல வெச்சிக்கல மச்சான்."

"விட்டுப் போச்சா?" அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். பீரோவிலிருந்து ஒரு பழைய பத்திரிகையோடு வந்தார். உறவினர் பட்டியலின் உச்சியில், எல்லோருக்கும் மேலே, நீல மை பேனாவில், அண்ணனின் கோணல்மாணல் தெலுங்கு எழுத்தில் என் கணவர் பெயர்.

"பிரஸ்ல மறந்துட்டாங்க. எல்லா கார்டுலயும் உக்காந்து எழுதினாரு. உனுக்கு வந்தது மட்டும் மொத கார்டு, பாக்கறதுக்கு முன்னாடியே போயிடுச்சி. அத சொல்லத்தான் அத்தினி வாட்டி போன் பண்ணாரு. நீ எங்க எடுத்த?"

நான் எங்கே எடுத்தேன்? பிளாக் அல்லவா செய்திருந்தேன். இரண்டு வருடமாக என் தாளில் எழுதியிருந்ததை மட்டுமே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அண்ணன் கையிலும் ஒரு தாள் இருக்கும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. அந்த நீல மையைப் பார்க்கப் பார்க்க வெட்கம் பிடுங்கித் தின்றது.

அண்ணன் எதையும் கவனிக்காதவர் போலத் தன் கடைசி வரிக்கு வந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்: "போனது போவட்டும் மாப்ள. தப்பு எம்மேலதான்."

அதை எழுதியது யார்? நான்! ஒரு தப்பும் செய்யாத மனுஷனுக்கு மன்னிப்பு வசனத்தை எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவரும் மறுபேச்சில்லாமல் அதைத் தன் கையால் எழுதி, மடித்து, பையில் வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார்.

தாளை மடித்துவிட்டு அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"எல்லாருக்கும் எழுதிகினு வந்தியே பாப்பா... உன்து எங்க?"

கோபமே இல்லை அந்தக் குரலில். கைப்பையைத் திறந்து தேடினேன். என்னத்தைத் தேடினேன் என்று எனக்கே தெரியாது. எனக்கென்று ஒரு வரிகூட நான் எழுதிக்கொள்ளவில்லையே!

"அண்ணா... தப்பு என் மேலதான்."

அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இத்தினிதானா? இதுக்கா ரெண்டு வருசம்?" என்றார். பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "அது கெடக்கட்டும். பொண்ணு இப்ப எத்தினி கிலோ கீறா?" என்று கேட்டார்.

அண்ணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நிச்சயம் ஆச்சின்னு தெரிஞ்ச நாள்லேந்து அரிசி மூட்டய தூக்கித் தூக்கி வெச்சிக்கினு கீறாரும்மா. கூப்டவே இல்ல, அதுக்குள்ள ஒத்திக!"

அன்று அண்ணன் வீட்டில் இரண்டு வருடத்துக்கும் சேர்த்துச் சாப்பிட்டேன். திரும்பும்போது குடும்ப குரூப்பில் போய் அந்தப் பழைய வரிக்குக் கீழே மன்னிப்பும் கேட்டேன். இந்த முறை தமிழில். அண்ணனுக்காகத் தெலுங்கு எழுத்தில்.

நாடகக்காரர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. குக்கரை இன்னமும் அவர் பாணியில்தான் திட்டுகிறேன்.

ஆமாம்... வீட்டில் எல்லோருக்கும் வசனம் எழுதிக் கொடுக்கிறீர்களே, உங்கள் தாள் எங்கே?