அம்மாவின் நீண்ட ஜெபம்

இன்று மத்தியானம் சோறு நாக்கைச் சுட்டுவிட்டது. சின்ன வயதில் எனக்கு இப்படி நடந்ததே கிடையாது. பாறசாலை வீட்டில் சூடான சோற்றை நான் கண்டதில்லை. எல்லாம் அம்மாவின் ஜெபம் செய்த வேலை.

அம்மா ஆசுபத்திரி நர்ஸ், கல்யாணம் கட்டாதவள். என்னிடம் நேரே சொல்ல முடியாததையெல்லாம் சாப்பாட்டுக்கு முன்னால் கர்த்தரிடம் சொல்வாள், எனக்கும் கேட்கும்படி. “ஆண்டவரே, கண்ணாடி டம்ளரை உடைத்துவிட்டுப் பூனைமேல் பழிபோட்ட பிள்ளைக்கு உண்மை பேசும் நாவைத் தாரும்.” அந்தப் பூனை கண்ணை மூடாமல் மீனையே பார்த்துக்கொண்டிருக்கும். நானும்தான்.

நான் அம்மா பெற்ற பிள்ளையல்ல, மலையில் வாழும் காணிக்காரர்களின் பிள்ளை என்று எனக்குத் தெரியவந்ததும் அப்படியே. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு முந்தின நாள், என் கணக்குப் பாடத்துக்கும் பெருங்கடவிளை சித்தியின் மூட்டுவலிக்கும் நடுவே, “அம்பூரி மலையில் இருக்கும் இவளைப் பெற்றவளையும் காத்தருளும்” என்று வந்துவிட்டது. கணக்கில் தோற்றேன். சொல்லிக்கொள்ள நல்ல காரணமாவது கிடைத்தது.

ஆனால் ஒரு கேள்வி மனதில் முள்ளாகத் தங்கிவிட்டது. வேண்டாமென்றா என்னைக் கொடுத்தாள்? நேரே போய்க் கேட்கத் துணிவு வர இருபது வருடமாயிற்று. அம்மாவும் நானும் ஜீப்பில் மலையேறினோம், என் மடியில் ஒரு பிளம் கேக்.

பெற்றவள் என்னை ஏற இறங்கப் பார்த்து, நான் மெலிந்துவிட்டதாகச் சொன்னாள். எனக்கு எண்பது கிலோ. அவள் கடைசியாகப் பார்த்தபோது ஆறு மாசம்.

வாழையிலையில் மலைநெல் சோறு, ஆற்றுமீன், காந்தாரி மிளகாய். கை வைக்கப் போனேன், அம்மா கண்ணை மூடிவிட்டாள். மலைக்கு, மழைக்கு, ஜீப் டிரைவருக்கு என்று நன்றி நீண்டது. பிறகு குரல் கம்மியது.

“ஆண்டவரே, காய்ச்சலில் ஆசுபத்திரியில் கிடந்தபோது இவள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள என்னிடம் தந்தாள். காய்ச்சல் மாறினதும் பிள்ளையைக் கேட்டு நடந்தே வந்தாள். நான் அடுக்களையில் ஒளித்துவைத்து, பிள்ளை இங்கே இல்லை என்றேன். மூன்று தரம் வந்தாள். மூன்று தரமும் சொன்னேன். என்னை மன்னியும்.”

முற்றத்தில் சேவல் ஒன்று நின்றது. நல்லவேளை, வேதத்தில் கர்த்தரை மூன்று தரம் மறுதலித்த சீஷனுக்குக் கூவினதுபோல் கூவவில்லை. அம்மாமேல் கோபமான கோபம் வந்தது. என்னைத் தேடி வந்தாளே என்று சந்தோஷமும் வந்தது. என்ன செய்கிறேனென்று தெரியாமல் காந்தாரியைக் கடித்துவிட்டேன்.

பெற்றவளும் கண்ணை மூடியிருக்கவில்லை. பெரிய மீன்துண்டாகப் பார்த்து அம்மாவின் இலையில் வைத்தாள்.

“மூணாம் தரம் வந்தப்பம் அடுக்களையில பிள்ள சிரிச்சது எனக்குக் கேட்டுது அக்கா. அதுனாலதான் திரும்பிப் போனேன். போட்டும், விடுங்கோ. ஆமென் சொல்லுங்கோ, சோறு ஆறுது.”

அம்மா ஆமென் சொல்ல ரொம்ப நேரமாயிற்று. அழுது முடித்து மூக்கைச் சிந்திய பிறகுதான் சொன்னாள்.

அம்மா போய் இரண்டு வருடமாகிறது. நான் அடிக்கடி மலைக்குப் போய்க் காணிப் பேச்சு பழகுகிறேன். பெற்றவள் அதைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். அவளும் என் வீட்டில் வந்து தங்குவது உண்டு. இன்றும் வந்திருந்தாள். ஜெபிக்க எங்கள் இருவருக்கும் வராது. இலை போட்டதும் நான் அள்ளி வாயில் வைத்தேன், சுட்டது.

“அக்கா இருந்தா ஜெபத்துல இப்பந்தான் ஜீப் டிரைவருக்கு வந்திருப்பா” என்றாள்.

சோறு ஆறட்டும் என்று இரண்டு பேரும் காத்திருந்தோம்.