கன்றுத் தோலில் போட்ட சுழி

எங்கள் மேல்வீட்டு ஜெர்மன் அம்மாவுக்கு ஒரு பட்டயம் எழுதவேண்டும் என்று அவரின் சங்கத்தார் கேட்டபோது, மறுக்க எனக்கு வாய் வரவில்லை. நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அலுவலகம் அலுவலகமாக எங்களைக் கூட்டிக்கொண்டு திரிந்தவர் அவர்தான். கோடை வந்தால் வயல்வெளியில் கூடாரம் அடித்து, பழைய காலத்து அரசர், போர்வீரர் மாதிரி உடுத்து வாழ்ந்து பார்க்கிற சங்கம் அது. அந்தக் கூடாரங்கள் எல்லாம் அவர் தைத்தவை. இந்தக் கோடையோடு வடக்கே மகளிடம் போய்விடுவார். போகுமுன் அவருக்குத் தெரியாமல் ஒரு பட்டம் கொடுத்து, அதைப் பட்டயத்தில் எழுதிக் கையில் தரச் சங்கம் நினைத்தது.

கோயில் பதாகைகளை நான் எழுதுவது தெரிந்து, சங்கத் தலைவர் வீட்டுக்கு வந்தார். எழுத்து, ஓரத்துக் கொடி, பொன் ஒட்டுவது எல்லாம் நானே செய்யவேண்டுமாம். கொண்டுவந்ததை விரித்தார். கடதாசி இல்லை, தோல். என்ன தோல் என்று கேட்டேன். கன்றுக்குட்டி என்றார், பெருமையாக.

மாட்டிறைச்சி வாசலுக்குள் வராத வீடு இது. கடதாசியில் எழுதித் தாறன் என்று கெஞ்சாத குறை. ஏலாதாம். அந்தக் காலத்தில் தோலில்தானாம், கடதாசி என்றால் சங்கத்தில் சிரிப்பார்களாம். சுவாமி அறை இருக்கிற வீட்டில் வைக்க மனமில்லாமல் நிலக்கீழ் அறைக்குக் கொண்டுபோனேன்.

அந்த வேலை என் பொறுமையைத் தின்றது. தோலில் கொழுப்பு, மை பிடிக்காமல் முத்து முத்தாக உருண்டது. பொன் தகடு மூச்சுக்கே பறந்தது. அது ஒட்ட, பசையில் வாயால் ஊதி ஈரமாக்க வேண்டுமாம். சுவாமி காரியத்தில் வாயைத் துணியால் கட்டிப் பழகினவன் நான். ஊதி ஊதித் தலை சுற்றியதுதான் மிச்சம்.

ஒருவழியாக முடித்து, கொடுக்கிறதுக்கு முதல் நாள் தலைவரைக் கூப்பிட்டேன். குனிந்து பார்த்தவர் உச்சியில் விரலை வைத்தார்.

"இதென்ன, இரண்டு?"

பார்த்தேன். நட்டநடுவில், நல்ல கறுப்பு மையில், பிள்ளையார் சுழி. நான் போட்டது எனக்கே தெரியாது. கடைக்குச் சாமான் எழுதினாலும் கை முதலில் அதைத்தான் போடும். போட்டதும் போட்டேன், கன்றுத் தோலிலா போடவேண்டும்?

எங்கள் கடவுளின் அடையாளம், எதை எழுதினாலும் முதலில் போடுவோம் என்று விளக்கினேன். அவர் பகிடி பண்ணவில்லை. ஆனால் இங்கே எவரும் அதை இலக்கம் இரண்டு என்றுதான் வாசிப்பார்கள், இவ்வளவு காலம் உழைத்தவள் தனக்கு இரண்டாம் இடம் என்று நினைப்பாள் என்றார். அதைக் கொடியாக வளைத்துவிடவா என்று கேட்டேன். ஓரம் கோணலாகும் என்றார். தோல்தானே, கத்தியால் சுரண்டினால் போய்விடும் என்று, பழைய காலத்து வீரன் மாதிரி இடுப்பில் செருகியிருந்த கத்தியை எடுத்தார்.

சத்தம் கேட்டு மனைவி இறங்கி வந்தா. விசயத்தைச் சொன்னேன்.

"இஞ்சருங்கோ, பிள்ளையாரிலை கத்தி வைக்கப் போறியளோ?"

"அப்ப அந்த மனிசி இரண்டாம் ஆளெண்டு அழட்டோ?"

அவ சுழியையும் கத்தியையும் மாறி மாறிப் பார்த்தா. பிறகு, "அந்தாளைத் தொட விடாதேங்கோ. போட்டது நீங்கள், நீங்களே எடுங்கோ" என்றுவிட்டு மேலே போயிட்டா.

கை கழுவி, மன்னிப்புக் கேட்டு, சுரண்டினேன். மை ஆழமாக இறங்கியிருந்தது. அது போகப் போகத் தோலும் மெலிந்தது. தலைவர் மட்டும் நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

அடுத்த நாள் வயலில் ஜெர்மன் அம்மாவைக் கூப்பிட்டு, அந்தக் காலத்துத் தமாசெல்லாம் செய்து, பட்டயத்தை வாசித்துக் கொடுத்தார்கள். அவர் அழுதார். எழுதினது நான் என்று தெரிந்ததும் நேரே என்னிடம் வந்து கட்டிப்பிடித்தார். பிறகு எழுத்துகளைத் தடவிக்கொண்டு போன விரல் உச்சியில் நின்றது. தையல்காரியின் விரல், மெலிந்த இடம் தெரியாமல் போகுமோ?

"இதிலை என்ன இருந்தது?" என்று கேட்டார்.

சுற்றிவரச் சனம். தலைவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு, இடம், கடவுள், கன்று என்று எங்கே தொடங்குவது? எவ்வளவு காலம் இந்த மொழியோடு மல்லுக்கட்டுகிறேன், வேண்டிய நேரத்தில் ஒரு சொல் வராது.

"ஃபேலர்" என்றேன். பிழை.

பிள்ளையாரைப் பிழை என்று சொல்லிவிட்டேன். அவர் சிரித்து, பிழை இல்லாத கைவேலை எங்கே இருக்கிறது என்று என் முதுகில் தட்டினார்.