எர்த் அண்ணன் வீட்டு லேப்டாப்

எலக்ட்ரீஷியனை எல்லோரும் 'எர்த் அண்ணன்' என்றுதான் கூப்பிடுவார்கள். யார் வீட்டுப் படியேறினாலும் முதல் கேள்வி, "எர்த் இருக்கா?" மின்விசிறி மாட்டத்தானே கூப்பிட்டோம் என்றாலும் விடமாட்டார். கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கத் தரையில் புதைத்த கம்பிவரை போய்ப் பார்த்துவிட்டுத்தான் ஏணியில் கால் வைப்பார். எர்த் இல்லாத வீட்டுக்காரருக்கு அன்று காது புளித்துப்போகும்.

அவர் மனைவிக்கு வீட்டிலிருந்தே தட்டச்சு வேலை. டாக்டர்கள் பேசி அனுப்புவதைக் கேட்டு அறிக்கையாக அடித்துத் தர வேண்டும். பழைய லேப்டாப் மண்டையைப் போட்டதும், உடம்பெல்லாம் உலோகமான புதிது ஒன்று வாங்கினாள். சார்ஜரில் போட்டபடி அடித்தால் மணிக்கட்டில் சுருசுருவென்றது. சார்ஜரைக் கழற்றினால் நின்றுவிட்டது.

"ஏங்க, இது லேசா ஷாக் அடிக்குது."

அவர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். காலில் தடித்த ரப்பர் ஷூ. காய்த்துப்போன உள்ளங்கையை லேப்டாப் மேல் வைத்தார்.

"ஒண்ணுமில்லையே. இந்த வீட்டு ஒயரிங் யார் பண்ணினது?"

"நீங்கதான்."

"அப்புறம் என்ன?"

இதெல்லாம் ஒரு பதிலா? அடுத்தவர் வீட்டில், மின்சாரம் பட்டால் விளக்கெரியும் டெஸ்டர் இல்லாமல் ஸ்விட்சைக்கூடத் தொடாத மனிதர், தன் வீட்டில் டெஸ்டரைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. அவள் இன்னும் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். பிறகு மணிக்கட்டுக்கு அடியில் மடித்த துண்டு, காலுக்கு அடியில் ஒரு பலகை என்று வேலையை ஓட்டினாள். ஆறு மாதம் ஓடியது.

ஏழு வயது மகள் அதற்குள் இன்னொன்று சொல்ல ஆரம்பித்தாள். "குளிக்க மாட்டேன், குழாய் கடிக்குது." குளிக்காமல் டிமிக்கி கொடுக்கப் பார்க்கிறாள் என்று அவருக்குச் சிரிப்பு.

"குழாய்க்குப் பல்லு மொளச்சிருச்சா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் குளித்துவிட்டு வந்தார். செருப்பு வார் அறுந்துபோயிருந்ததால் வெறுங்கால், அதுவும் ஈரக்கால். மேஜையில் கிடந்த சீப்பை எடுக்கக் கை நீட்டியபோது முழங்கையின் உட்பக்கம் லேப்டாப்பில் பட்டது. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

டெஸ்டரை வைத்தார். எரிந்தது. சார்ஜர் பழுதாக இருக்கலாம் என்று தனக்குத்தானே ஒரு சால்ஜாப்பு சொல்லிக்கொண்டே போய் மீட்டர் பெட்டியைத் திறந்தார். எர்த் ஒயர் எதிலும் சேராமல் தொங்கியது, முனையில் டேப் சுற்றி. பின்னால் உரிக்க வசதியாக டேப்பின் நுனியைச் சின்னதாக மடித்துவிட்டிருந்தது. அப்படி மடிக்கிற பழக்கம் அவர் ஒருவருக்குத்தான் உண்டு.

குடிவந்த நாளின் வேலை அது. குழி தோண்டக் கடப்பாரையை எடுத்தபோது மனைவிக்கு வலி கண்டுவிட்டது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று டேப்பைச் சுற்றிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அன்று பிறந்தவள்தான் இந்த மகள். குழந்தை வந்த சந்தோஷத்தில் ஒயர் அடியோடு மறந்துபோயிற்று. ஏழு வருடமும் ஊரெல்லாம் எர்த் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் குழாய் ஞாபகம் வந்தது. வெந்நீர் ஹீட்டரைப் போட்டுவிட்டுக் குளியலறைக் குழாயில் டெஸ்டரை வைத்தார். மங்கலாக, ஆனால் எரிந்தது. ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். தினமும் பிள்ளை இதைப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருக்கிறாள், அவர் சிரித்திருக்கிறார். அவருக்கு அழுகை வந்தது.

அன்றே குழி தோண்டிக் கம்பியை இறக்கினார். மின்சாரம் கசிந்த ஹீட்டரைக் கழற்றி வெளியே போட்டார். எல்லாம் முடிந்ததும் டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு, வெறுங்காலோடு குழாயைத் தானே பிடித்துக்கொண்டு நின்றார். மகள் கதவோரம் நின்று பார்த்தாள்.

"இப்ப கடிக்காதாப்பா?"

"கடிக்காதும்மா. நீ சொன்னப்பல்லாம் கடிச்சிருக்கு. நான்தான் நம்பல. தப்பு என்னோடது."

அவள் ஒரு விரலை மட்டும் குழாயில் வைத்தாள். பிறகு கையை முழுசாக வைத்தாள். அவரை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்.

"அம்மாகிட்டயும் இதைச் சொல்லிட்டீங்களா?"

உள்ளே தட்டச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பலகைமேல் கால் வைத்து, துண்டின்மேல் மணிக்கட்டு வைத்து அவள் அடித்துக்கொண்டிருப்பாள். எர்த் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு அந்த மேஜையை நோக்கி நடந்தார்.