கரிசல் காட்டில் கடலுக்கு வைத்தியம்

மீன் வைத்தியத்தில் முதல் சங்கடம், நோயாளியை வெளியே எடுத்தால் அதற்கு மூச்சு முட்டும்; உள்ளேயே விட்டால் நம் கைக்கு அகப்படாது. இரண்டாவது சங்கடம், இப்படி ஒரு வேலை இருப்பதாக யாரும் நம்ப மாட்டார்கள். "என்ன வேலை பாக்கீங்க?" என்ற கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாமல் திண்டாடும் அன்பர்களே, நீங்களும் நானும் ஒரே கட்சி.

கால்நடை மருத்துவம் முடித்த கையோடு, கோவில்பட்டி பைபாஸ் ரோட்டோரம் புதிதாக வந்த மீன் காட்சியகத்தில் ஆறு மாதப் பயிற்சிக்குச் சேர்ந்தேன். கடல் தண்ணீர் டேங்கர் லாரியில் வரும். பயிற்சி முடிவில் பெரிய டாக்டரம்மா, 'இவரைத் தனியாகப் பார்க்க விடலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் வேலை நிரந்தரம். போடாவிட்டால் குளத்தூருக்குத் திரும்பி, அப்பாவின் ஆடுகளுக்குக் குடற்புழு மருந்து ஊற்ற வேண்டியதுதான்.

கிராம்பு வாசம்

மீனுக்குத் தையல் போட முதலில் அதை மயக்க வேண்டும். தண்ணீரில் கிராம்பு எண்ணெயைச் சரியான அளவில் கலந்தால் சற்று நேரத்தில் மீன் ஒருபக்கமாகச் சாயும். பிறகு ஒரு குழாய் வழியாகச் செவுளில் தண்ணீர் ஓடவிட்டுக்கொண்டே வேலையை முடிக்க வேண்டும். நான் முதலில் தைத்தது, பாறையில் உரசி விலாவில் கிழிபட்ட ஒரு மீனை. டாக்டரம்மா பக்கத்தில் கைகட்டி நின்றார்.

சிகிச்சை அறைக் கதவு திறந்து கிடந்ததால், குடும்பத்தோடு சுற்றிப் பார்க்க வந்திருந்த தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி ஒருவர் வாசலிலேயே நின்றுவிட்டார். கடைசி முடிச்சு வரைக்கும் கண்கொட்டாமல் பார்த்தார். மீன் தண்ணீருக்குள் போய் வாலை ஆட்டியது. பாராட்டப் போகிறார் என்று நிமிர்ந்தேன். அவர் மூக்கை உறிஞ்சிவிட்டு அக்கறையாகக் கேட்டார்: "கிராம்பு வாசம் தூக்குதேம்மா, மீனுக்கு எந்தப் பக்கம் பல்லுவலி?"

உபசாரம்

தொட்டிக்குள் எதையும் போடாதீர்கள் என்று நான்கு பக்கமும் எழுதி வைத்திருக்கிறோம். ஒருநாள் திறந்த தொட்டியில் எண்ணெய்ப் படலமாக ஏதோ மிதந்தது. வலை போட்டு அரித்தால் வெல்லப்பாகில் ஒட்டிய நிலக்கடலை. பக்கத்தில் நின்ற அம்மாவிடம் ஏன் இப்படி என்று கோபமாகவே கேட்டேன். அந்த அம்மாவுக்கு என்னைவிடக் கோபம்: "கோயில்பட்டிக்கு வந்த சீவனுக்கு ஒரு துண்டு கடலமிட்டாய் குடுக்காம எப்படி இருக்கியோ, நீங்கள்லாம் என்ன மனுசங்க!"

அப்பாவின் பரிசோதனை

மூன்றாம் மாதம் அப்பா பார்க்க வந்தார். வாழ்நாள் முழுக்க ஆடு மேய்த்தவர். நோய் கண்ட ஆட்டைக் காதைத் தொட்டே சொல்லிவிடுவார். எங்கள் பெரிய களவா மீன் முன்னால் வெகுநேரம் நின்றார். நான் அதன் சாப்பாடு, எடை, ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன்.

அப்பா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "ஆடுன்னா வலிச்சாக் கத்தும். இது வாயத் தொறக்குது, மூடுது, ஒண்ணுஞ் சொல்லமாட்டேங்கு. இத நம்பியா பொழைக்கப் போற, ஏட்டி?"

நல்ல தண்ணி

ஐந்தாம் மாதம், நல்ல சித்திரை வெயில். டாக்டரம்மா ஒரு வாரம் வெளியூர். அந்த நேரம் பார்த்துக் களவா சாப்பிடுவதை நிறுத்தியது. கூட இருந்த மீன்களும் சோர்ந்து போயின. தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். புழு, பூச்சி எதுவும் இல்லை. உப்பு அளக்கும் கருவி மட்டும் தாறுமாறாக அதிகம் காட்டியது. அது கெட்டுப்போய்விட்டது என்று நானே முடிவு கட்டி, புதுசு கேட்டு எழுதியும் போட்டேன். படித்த திமிர்.

நான்காம் நாள் தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்ததைப் பார்த்தேன். என் அம்மா உப்பளத்தில் வேலை பார்த்தவர். பள்ளி விடுமுறையில் நானும் பாத்தியில் நின்றிருக்கிறேன். எனக்கு அந்த வெள்ளை தெரியும். விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். கடல் தண்ணீர் இப்படிக் கரிக்காது.

பம்பு ரூமுக்கு ஓடினேன். வெயிலில் தொட்டித் தண்ணீர் ஆவியாகும்; உப்பு அப்படியே தங்கிவிடும். அதனால் குறைந்த அளவுக்கு உப்பில்லாத நல்ல தண்ணீரைத்தான் விட வேண்டும். புதிதாகப் பொறுப்பேற்ற சண்முகம் அண்ணாச்சி, அந்தக் குழாயை அடைத்துவிட்டுக் கடல் தண்ணீரையே விட்டு நிரப்பியிருக்கிறார். தொட்டி தளும்பத் தளும்ப இருந்ததைப் பார்த்து நான்தான் அவரைப் பாராட்டவும் செய்திருந்தேன். ஏன் அண்ணாச்சி என்றால், மனுஷர் கண்கலங்கிவிட்டார்: "எங்க தெருவுல பத்து நாளா நல்ல தண்ணி வரல தாயி. பொம்பளைக குடத்தத் தூக்கிட்டு அலையுதாவ. அந்தத் தண்ணிய மீனுக்கு ஊத்த எனக்குக் கை வரல."

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குளத்தூரில் நானும் குடத்தோடு அலைந்தவள்தானே.

கையெழுத்து

உப்பை ஒரேயடியாகக் குறைத்தால் மீன் தாங்காது. இரண்டு நாள் கொஞ்சம் கொஞ்சமாக நல்ல தண்ணீர் சேர்த்தோம். அண்ணாச்சி வீட்டுக்கே போகவில்லை. களவா செத்தால் என் வேலையும் அதோடு போகும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அப்போது அந்த மீன் பிழைத்தால் போதும் என்றுதான் இருந்தது. மூன்றாம் நாள் காலை ஒரு துண்டு கணவாய் மீனை நீட்டினேன். வந்தது, முகர்ந்தது, ஒரே விழுங்கு. அண்ணாச்சியும் நானும் சின்னப்பிள்ளைகள் மாதிரிக் குதித்தோம்.

டாக்டரம்மா வந்து எல்லாவற்றையும் கேட்டார். கருவியை நம்பாமல் விட்டதற்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். பிறகு எப்படிக் கண்டுபிடித்தாய் என்றார். நக்கிப் பார்த்தேன் என்றேன். ஆறு மாதம் முடியக்கூடக் காத்திராமல், என் பயிற்சித் தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார்: "அதை மட்டும் ரிப்போர்ட்ல எழுதிடாதம்மா."

பந்தியில்

போன மாதம் ஓட்டப்பிடாரத்தில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். பந்தியில் எனக்கு இரண்டு இலை தள்ளி அப்பா. பக்கத்தில் இருந்தவர், உம்ம மகள் என்ன செய்யுதா என்று கேட்டார். நான் வழக்கம்போல விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். அப்பா என்னை முந்திக்கொண்டார். சாம்பார் ஊற்ற வந்தவரையும் நிறுத்திவைத்து, பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்: "கோயில்பட்டியில கடலக் கொண்டாந்து வச்சிருக்காவல்லா, அதுக்கு எம்மவதான் டாக்டரு."

மொத்தத்தில், கடலுக்கே டாக்டரான பிறகும், கை கழுவும் இடத்தில் ஓரமாகக் கூப்பிட்டு மக்கள் என்னிடம் கேட்பதென்னவோ ஆட்டுக் கழிச்சலுக்கு மருந்துதான். அதையும் கர்வமாகவே எழுதிக் கொடுக்கிறேன்.