என்னைப் பற்றி நூறு பேர் சொன்ன யோசனை

சென்ற வருடம் ஆடி மாதம், சாரல் விட்டுவிட்டு அடித்துக்கொண்டிருந்த நாட்களில் நடந்தது இது. அப்போது நான் நாகர்கோவிலில் ஒரு டீச்சர் வீட்டில் சமையல் வேலை செய்துகொண்டிருந்தேன். என் வீடு இராஜாக்கமங்கலம் பக்கம். காலை பஸ்ஸைப் பிடித்தால் ஏழு மணிக்கு அவர்கள் வீட்டு அடுப்பைப் பற்றவைத்துவிடுவேன். டீச்சர் தன் மூன்று வயதுப் பெண் குழந்தையைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு எட்டரைக்குக் கிளம்பிவிடுவார். அவர் கணவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். நான் மதியச் சமையலையும் முடித்து, வீட்டைப் பூட்டி, சாவியை என் பையிலேயே போட்டுக்கொண்டு ஊர் திரும்புவேன். மூன்று வருடம் இப்படித்தான் போனது.

டீச்சர் நல்லவர் என்றுதான் நினைத்திருந்தேன். இப்போதும் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. என் மகள் நர்சிங் சேர்ந்தபோது விண்ணப்பத்தை உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தவர் அவர். நானும் அந்த வீட்டை வேலை பார்க்கும் வீடாக மட்டும் நினைக்கவில்லை. குழந்தையின் பிறந்தநாளுக்கு மஞ்சள் துணி எடுத்து, கழுத்தில் சின்னச் சின்னப் பூ வைத்து, நானே ஒரு கவுன் தைத்துக் கொடுத்தேன். குழந்தை அதைப் போட்டுக்கொண்டு கழற்றவே மாட்டேன் என்று அழுதது.

அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக மாறத் தொடங்கியது.

முதலில் தம்ளர். நான் வழக்கமாக டீ குடிக்கும் தம்ளர் அலமாரியில் இல்லை. கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு தம்ளரும் தட்டும் இருந்தன. "இது உங்களுக்குன்னு வாங்கினேன் அக்கா" என்றார் டீச்சர். எனக்காக வாங்கினாரே என்று சந்தோஷப்பட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது.

அடுத்த வாரம் சமையலறையில் காமிரா வைத்தார்கள். பூனை வருகிறதாம். மூன்று வருடத்தில் நான் அந்த வீட்டில் ஒரு பூனையைப் பார்த்ததில்லை. அப்புறம் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் பேனாவால் ஒரு கோடு. அதற்கும் அடுத்து, என் பையைச் சமையலறைக்குள் கொண்டுவர வேண்டாம், வெளியே செருப்பு வைக்கும் இடத்தில் வைத்தால் போதும் என்றார். கடைசியாகச் சாவியையும் கேட்டு வாங்கிக்கொண்டார். "தொலைஞ்சிடுமோன்னு பயமா இருக்கு அக்கா. நான் கிளம்புறதுக்குள்ள எல்லாத்தையும் முடிச்சிடுங்களேன்."

என்ன தப்புச் செய்தேன் என்று எனக்குப் புரியவில்லை. கேட்கவும் பயம். அந்தக் காமிராவுக்குக் கீழே நின்று எனக்கு வேலையே ஓடவில்லை. பால் பொங்கி வழிந்தது. ஒரு நாள் தீயல் குழம்புக்கு வறுத்த தேங்காயைக் கருக விட்டேன். பதினெட்டு வயதிலிருந்து அடுப்பில் நிற்கிறேன், தேங்காய் கருகியது அன்றைக்குத்தான். வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னால் அவளும், "நீ என்னமாவது சொன்னியா அம்மா? யோசிச்சுப் பாரு" என்றாள். யோசித்துப் பார்த்துப் பார்த்தே எனக்குத் தலைவலி வந்தது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் மாவட்டத்துப் பெண்களுக்கென்று இணையத்தில் ஒரு குழு இருக்கிறது. சமையல், குழந்தை வளர்ப்பு, எந்தக் கடையில் துணி நன்றாக இருக்கும், மாமியாரோடு எப்படிச் சமாளிப்பது என்று எதை வேண்டுமானாலும் கேட்கலாம். யாராவது பதில் சொல்வார்கள். என் மகள்தான் என்னை அதில் சேர்த்துவிட்டாள். என் படத்துக்குப் பதிலாக ஒரு செம்பருத்திப் பூ. தீயல் ஏன் கசக்கிறது, அவியலில் தயிரை எப்போது ஊற்றுவது, மீன் குழம்பு மறுநாள் வரை கெடாமல் இருக்க என்ன செய்வது என்று வரும் கேள்விக்கெல்லாம் நான் பதில் எழுதுவேன். படித்த பெண்கள், டாக்டர்கள்கூட "நன்றி அக்கா, நீங்க சொன்ன மாதிரியே வந்துச்சு" என்று எழுதுவார்கள். பத்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தெரியவில்லை. நான் வீட்டு வேலைக்குப் போகிறவள் என்று அங்கே யாருக்கும் தெரியாது. டீச்சரும் அந்தக் குழுவில் இருப்பார் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

ஒரு திங்கட்கிழமை காலை, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மாதத்துக்கு முந்தைய பதிவு ஒன்று மேலே வந்து நின்றது. யாரோ புதிதாகப் பதில் எழுதியிருந்ததால் வந்திருக்கிறது. கேட்டவர் பெயரைக் காட்டவில்லை.

தங்கள் வீட்டுக்குக் கடற்கரைப் பக்கத்திலிருந்து ஒரு சமையல் அக்கா வருகிறாராம். நன்றாகச் சமைப்பாராம். ஆனால் கொஞ்ச நாளாக அதிக உரிமை எடுத்துக்கொள்கிறாராம். நாங்கள் குடிக்கும் தம்ளரிலேயே டீ குடிக்கிறார். ஹாலில் நாற்காலியில் உட்கார்கிறார். இப்போது குழந்தையின் பிறந்தநாளுக்கு ஒரு மஞ்சள் கவுன் தைத்துக் கொண்டுவந்திருக்கிறார். நாளைக்கு எதையாவது கேட்பதற்காக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. அவர் மனம் நோகாமல் எப்படி எல்லையில் வைப்பது, உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

மஞ்சள் கவுன் என்ற இடத்தில் என் கண் நின்றுவிட்டது. மறுபடி வாசித்தேன். மறுபடியும் வாசித்தேன்.

கீழே நூறு பேருக்கு மேல் யோசனை சொல்லியிருந்தார்கள். "தனித் தம்ளர், தனித் தட்டு வையுங்கள், அன்பளிப்பு போலக் கொடுங்கள், தெரியாது." "காமிரா வைத்துவிடுங்கள், பூனைக்கு என்று சொல்லுங்கள்." "எண்ணெய் பாட்டிலில் கோடு போட்டுப் பாருங்கள், உண்மை தெரிந்துவிடும்." பை, சாவி, எல்லாம் இருந்தது. என் வீட்டில் நான் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து யோசித்த ஒவ்வொன்றுக்கும் அங்கே விடை இருந்தது. என் முகத்தைப் பார்த்திராதவர்கள், என் பெயர் தெரியாதவர்கள், நான் எங்கே உட்காரலாம், எதில் குடிக்கலாம் என்று மதியத் தூக்கத்துக்கு நடுவில் முடிவு பண்ணியிருக்கிறார்கள். தனித் தம்ளர் யோசனை சொன்னவர் யாரென்று பார்த்தேன். போன வாரம் என்னிடம் அவியல் பக்குவம் கேட்டு, "உங்க கைக்கு வளையல் போடணும் அக்கா" என்று எழுதியவர். அந்தக் கைதான் வீட்டுக்காரர்கள் தம்ளரைத் தொடக் கூடாதாம்.

புதிதாக வந்திருந்த பதில்தான் எல்லாவற்றையும்விட மோசம். நேரடியாக வேலையை விட்டு நிற்கச் சொன்னால் பிரச்சினை பண்ணுவார்கள். ஏதாவது ஒரு பொருளைக் காணவில்லை என்று சொல்லிப் பாருங்கள், பயந்து அவர்களே நின்றுவிடுவார்கள் என்று ஒரு பெண் எழுதியிருந்தார். நிறையப் பேர் அதற்கு இதயம் போட்டிருந்தார்கள். கேட்டவர், "நல்ல யோசனை, யோசிக்கிறேன்" என்று பதில் சொல்லியிருந்தார்.

எங்களைப் போன்றவர்களுக்கு அந்த ஒரு வார்த்தை போதும். ஒரு வீட்டில் பொருள் காணாமல் போனது என்று பேச்சு வந்தால், எடுத்தேனா இல்லையா என்று யாரும் விசாரிக்க மாட்டார்கள். அடுத்த வீட்டுப் படியேற முடியாது. ஊரில் என் மகளைப் பற்றிப் பேசும்போதும் அதைச் சேர்த்துத்தான் பேசுவார்கள்.

பாதி வழியில் இறங்கித் திரும்பிவிடலாமா என்று தோன்றியது. அப்படி நின்றுவிட்டால் அவர்கள் நினைத்தது நடந்த மாதிரி ஆகிவிடும். வீம்பாகவே போனேன். திங்கள் ஒன்றும் நடக்கவில்லை. செவ்வாயும் நடக்கவில்லை. டீச்சர் சிரித்துப் பேசினார். ஒருவேளை அவருக்கே மனசு வரவில்லை போல என்று எனக்குக் கொஞ்சம் நிம்மதிகூட வந்தது.

புதன்கிழமை குழந்தையை வேனில் ஏற்றிவிட்டு வந்தவர், சமையலறை வாசலில் நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அக்கா, பாப்பாவோட வெள்ளிக் கொலுசு ஒண்ணைக் காணோம். நீங்க எங்கயாவது பாத்தீங்களா?"

நான் அடுப்பைக் குறைத்தேன். கையைக் கழுவித் துடைத்தேன். வெளியே போய்ப் பையிலிருந்து போனை எடுத்துவந்து, அந்தப் பதிவைத் திறந்து மேசைமேல் வைத்தேன்.

"இத வாசிங்க டீச்சர்."

அவர் பார்த்தார். "இது யாரோ..." என்றவர் நிறுத்திக்கொண்டார். பிறகு, "உங்க பேரை நான் போடலையே அக்கா" என்றார்.

"எனக்க பேரப் போடல்ல. நான் தச்ச கவுனப் போட்டிருக்கியளே. அந்த சமையல்காரி நானாக்கும்."

"சும்மா ஒரு அபிப்பிராயம்தான் கேட்டேன். இப்படி ஆளாளுக்குச் சொல்லுவாங்கன்னு நினைக்கல."

"நூறு பேருகிட்ட கேட்டியளே டீச்சர். மூணு வருஷமா உங்க அடுப்பில நிக்கேன், எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியளா? இந்தத் தம்ளர்ல குடிக்காதீங்கன்னு சொல்லியிருந்தா, எனக்கு வலிச்சிருக்கும், ஆனா மூஞ்சப் பாத்துச் சொன்னாங்கன்னு நெனச்சிருப்பேன். இப்ப நான் களவாணியா?"

அவர் அழ ஆரம்பித்தார். எனக்கு அழுகை வரவில்லை.

"கொலுசு எங்க இருக்கு டீச்சர்?"

இரண்டாவது முறை கேட்டேன். அவர் உள்ளே போனார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. வந்து, கொலுசை என் போனுக்குப் பக்கத்தில் வைத்தார்.

அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்தது. அதை அப்படியே விட்டுவர எனக்கு மனம் வரவில்லை. வடித்து வைத்தேன். பள்ளி விட்டு வரும் குழந்தைக்கு ரசமும் ஆகியிருந்தது. கேஸை அணைத்துவிட்டு, "போறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அன்று மாலை அந்தப் பதிவுக்குக் கீழே நானே எழுதினேன். நான்தான் அந்தச் சமையல்காரி, நீங்கள் சொன்ன தம்ளரில் ஒரு மாதம் டீ குடித்தேன், இன்றைக்குக் கொலுசும் காணாமல் போனது, பீரோவிலேயே கிடைத்தது என்று எழுதினேன். டீச்சர் யார், எந்தத் தெரு என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. அந்தச் செம்பருத்திப் பூவைப் பார்த்ததும் எல்லோருக்கும் என்னைத் தெரிந்துவிட்டது. இரண்டு மூன்று பேர் மன்னிப்புக் கேட்டார்கள். மற்றவர்கள் செய்ததுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. எழுதியதை ஒவ்வொருவராக அழித்துவிட்டுப் போனார்கள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தம்ளர் போனது, காமிரா போனது, பேனாக்கோடு போனது. மறுநாள் காலை பதிவே இல்லை. சொந்தச் சண்டையைக் குழுவுக்குள் கொண்டுவரக் கூடாது என்று சொல்லி என்னையும் நீக்கிவிட்டார்கள். யோசனை சொன்னவர்கள் எல்லோரும் உள்ளே இருக்கிறார்கள். யோசனைக்கு ஆளான நான் வெளியே.

வாய் ஓயாமல் அவர்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். அப்போது என் மகள் ஒன்று சொன்னாள். "அம்மா, கோவப்படாத. நம்ம பக்கத்து வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்த வடக்கத்திப் பசங்களப் பத்தி நீ என்ன எழுதுனன்னு ஞாபகம் இருக்கா?"

இருந்தது. வெளியூர் பெயிண்டர்களை வேலைக்கு வைக்கலாமா என்று யாரோ கேட்டதற்கு, வீட்டுக்குள் தண்ணீர் கேட்டு வர விடாதீர்கள், வாசலில் ஒரு பாட்டிலை வைத்துவிடுங்கள் என்று நான் எழுதியிருந்தேன். அதற்கும் இதயம் வந்தது, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தப் பையன்கள் என்ன தப்புச் செய்தார்கள் என்று இப்போது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அவர்களோடு நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. அதை அழிக்கலாம் என்றாலும் குழுவுக்குள் போக வழியில்லை. இன்னும் அங்கேயே கிடக்கும். எந்த வீட்டு வாசலில் எந்தப் பையன் அந்தப் பாட்டிலில் தண்ணீர் குடித்தானோ தெரியாது.

இரண்டு மாதம் வேலை இல்லாமல் இருந்தேன். பிறகு பெண்கள் விடுதி ஒன்றில் சமையல் வேலை கிடைத்தது. அங்கே எல்லோருக்கும் ஒரே மாதிரித் தம்ளர். டீச்சர் இரண்டு முறை போன் செய்தார். குழந்தை என்னைக் கேட்கிறதாம். குழந்தையோடு பேசினேன். திரும்பி வரச் சொன்னதற்கு மட்டும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

என் கோபம் இன்னும் போகவில்லை, அந்த நூறு பேர் மேலும், அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாக இருந்த என் மேலும். அதனால் இப்போது விடுதிப் பெண்கள் யாரைப் பற்றியாவது என்னிடம் வந்து யோசனை கேட்டால், முதலில் அந்த ஆளிடம் கேட்டாயா என்று கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன்.